ஆட்டம் முடியட்டும், பிறகு திட்டுங்கள்

"நிறுத்திட்டுச் சாப்பிட வாடான்னுதான் சார் சொன்னேன். அதுக்குப் போய் போனைச் சுவத்துல எறியுறான். முழுசா அடிமையாயிட்டான்."

பள்ளி விடுமுறை விட்டால் என் ஆலோசனை அறையில் இதே வசனம்தான். ஊர் மாறும், பெயர் மாறும், "நிறுத்திட்டு" மட்டும் மாறாது. வாசலில் எழுதியே ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்: ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது, அம்மா. அப்பாக்களே, உங்களுக்கும்தான்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நாம் சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய வீடியோ கேமில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் அப்படியே நிற்கும். சாப்பிட்டு, கை கழுவி, வந்து தொடரலாம். உங்கள் மகன் ஆடுவது அதுவல்ல. அந்த ஆட்டம் அவன் போனுக்குள் நடக்கவே இல்லை, எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு பொதுக் கணினியில், அதாவது சர்வரில் நடக்கிறது. நீங்கள் போனைப் பிடுங்கினாலும், வைஃபையை அணைத்தாலும், அது பாட்டுக்கு ஓடும். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் சுமார் 100 பேர் களத்தில் குதிக்கிறார்கள், நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட், அதாவது ஒரு குழு. வேலரன்ட் என்ற கணினி ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து, 13 ரவுண்டு ஜெயிக்கும் வரை போகும். நடுவில் உங்கள் மகன் எழுந்தால் மற்ற நால்வர் ஐவரோடு மோத வேண்டும். பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவர் நடுத்தெருவில் தோளை விலக்கிக்கொள்வது போலத்தான்.

(டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதே என்று விவரம் தெரிந்த பிள்ளை யாராவது சொல்லும். இருக்கிறது. அமுக்கினால் பத்துப் பேருக்கும் சேர்த்து நிற்கும். சாம்பார் ஆறுகிறது என்பதற்காக ஒன்பது பேரைக் காக்க வைத்துப் பாருங்கள், என்னென்ன வசவு வருகிறதென்று.)

விட்டு ஓடுபவர்களுக்குத் தண்டனையும் உண்டு. டோட்டா 2வில் இணைப்பு அறுந்தவர் 5 நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் கைவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு தனி வரிசையில் தள்ளிவிடுவார்கள். சொன்ன எண்ணிக்கையில் ஜெயித்தால்தான் வெளியே வரலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் முதல் தடவை அரை மணி நேரத் தடை, திரும்பத் திரும்பச் செய்தால் 7 நாள் வரை போகும். கோபத்தில் ஓடினானா, அம்மா ரவுட்டர் ஒயரைப் பிடுங்கினாரா என்று சர்வர் விசாரிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு அதிகம் வலிப்பது அந்தத் தடை அல்ல. ஸ்குவாடில் இருக்கும் மற்ற மூன்று பேர் பெரும்பாலும் அதே வகுப்புப் பையன்கள். அடையாளம் மாற்றி ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன், பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று கூட்டிவந்தார்கள். "கேம் பைத்தியம்" என்றார் அப்பா. தனியாகப் பேசியபோது அவன் போனை நீட்டினான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவனை வைத்தே ஒரு ஸ்டிக்கர் செய்திருந்தார்கள்: அவன் முகம், கீழே "லெஃப்ட்டு மாமா", அதாவது பாதியில் விட்டு ஓடுபவன். ஒவ்வொரு முறையும் ஆட்டக்களம் கடைசி வட்டமாகச் சுருங்கி முடிவு நெருங்கும் நேரத்தில் வீட்டில் நெட்டை அணைத்திருக்கிறார்கள். அடிபட்டுத் தரையில் கிடக்கும் நண்பன் "ரிவைவ் பண்ணுடா, ரிவைவ் பண்ணுடா" (எழுப்பிவிடுடா) என்று கத்திக்கொண்டே இருப்பான், இவன் பக்கத்தில் சத்தமே வராது. முதலில் ஸ்குவாடிலிருந்து தூக்கினார்கள், பிறகு மதியச் சாப்பாட்டு வட்டத்திலிருந்தும். அவன் பயந்தது பரீட்சைக்கு அல்ல, சாப்பாட்டு மணிக்கு.

தம்பிகளா, நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் "நெட் போச்சு மச்சி" என்று நைசாக நழுவுகிறீர்களே, அதை எந்த அம்மா பிடுங்கினார்? முதலில் செத்துவிட்டோம் என்பதற்காக லாபிக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் காத்திருப்பு அறைக்கு ஓடி அடுத்த மேட்ச் தேடுவதும், திட்டு வாங்கியதற்குப் பழி தீர்க்க ஓரமாகச் சும்மா நிற்பதும் அதே ரகம்தான். குழுவில் ஒருத்தன் காது கிழியக் கெட்ட வார்த்தை பேசினால் மைக்கை மியூட் செய்யுங்கள், முடிந்ததும் ரிப்போர்ட் அடியுங்கள். மிரட்டல், பாலியல் பேச்சு என்று போனால் மட்டும் அந்த நொடியே வெளியேறுங்கள். ரேங்க் போனால் போகட்டும், வீட்டில் சொல்லுங்கள்.

"அடிமை" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, 2022 முதல் நடைமுறையிலும் வந்துவிட்டது. ஆனால் கட்டுப்பாடே இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வந்து உட்காருவது, பாதிப்பு தெரிந்தும் விடாமல் தொடர்வது என்றெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருந்தால்தான் அந்தப் பெயர் சூட்டுவோம். கூப்பிட்ட குரலுக்கு இருபது நிமிடம் எழாதது அந்தக் கணக்கில் வராது. தூக்கம், குளியல், பள்ளி எல்லாம் மாதக்கணக்கில் போய்விட்டதா, தாமதிக்காமல் வாருங்கள். வர முடியாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416க்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

என்ன ஆடுகிறான், ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்று முதலில் கேளுங்கள். ஃப்ரீ ஃபயர் பத்து நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், பிஜிஎம்ஐயின் பெரிய மேப் அரை மணி இழுக்கும், வேலரன்ட் அதையும் தாண்டும். பேச்சுவார்த்தை எல்லாம் மேட்ச் தொடங்கும் முன். "எட்டரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு மேல் புதுசு தொடங்காதே" என்று சொல்லுங்கள், அதில் கறாராக நில்லுங்கள். "ஒரே ஒரு மேட்ச்மா" என்றால் ஒன்றுதான். முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வர வேண்டும். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம்தான் என்று வரம்பு உண்டு, பெற்றோர் எண்ணுக்கு ஓடிபியும் வரும். அதற்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணை அல்ல.

பிள்ளைகளே, டியூஷனுக்குக் கால் மணி இருக்கும்போதும், சார்ஜ் பதினைந்து சதவீதத்தில் நிற்கும்போதும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும் ரேங்க் மேட்ச் தொடங்காதீர்கள். அவசரமாகப் போக வேண்டி வந்தால், போகும் முன் மைக்கில் "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, போறேன்டா" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்.

ரவுட்டர் ஒயரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.