ஜெட் ஸ்கீ திரும்புவது எப்படி?

தண்ணீரில் மோட்டார் சைக்கிள் போல ஏறி ஓட்டும் ஜெட் ஸ்கீக்குச் சுக்கான் கிடையாது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது பின்பக்கம் திரும்புவது ஒரு குழாய்முனை மட்டும்தான். அந்த முனையிலிருந்து தண்ணீர் பீறிட்டால்தான் வண்டி திரும்பும். பீறிடாவிட்டால், ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும், போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். சிம்கோ ஏரியில் பனிக்கட்டி உருகத் தொடங்கியதும், இந்தக் கோடைக்குப் பிள்ளைகளோடு ஓட்ட ஒன்று வாங்கலாமா என்று ரொறன்ரோப் பக்கத்தில் யோசிக்கிறவர்கள் உண்டு. 170, 250, 325 என்று குதிரைத்திறன் எண்களை ஒப்பிடத் தொடங்குமுன் அவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். ஜெட் ஸ்கீயில் தள்ளுவிசையும் திருப்புவிசையும் ஒன்றுதான்.

வண்டியின் அடிவயிற்றில், பின்பாதியில், கம்பிச்சட்டம் போட்ட ஒரு திறப்பு இருக்கிறது. ஏரித் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சினிலிருந்து நேராகப் பின்னால் நீளும் தண்டு, இம்பெல்லர் எனப்படும் சுழலியைச் சுற்றுகிறது. நடுவே வேகம் மாற்றும் கியர் எதுவும் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் இம்பெல்லரும் அதே 8,000 சுற்று சுற்றும். சுழன்றபடி வெளியேறும் நீரை அசையாத தகடுகள் நேராக்குகின்றன. அதற்கப்பால் குழாய் ஒடுங்குகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரப் பாய்கிறதே, அதே வேலைதான் இங்கும். நீர் பின்னால் பாய, வண்டி முன்னால் பாய்கிறது.

இம்பெல்லர் சுழல்வது சுமார் 16 செ.மீ. விட்டமுள்ள ஒரு வளையத்துக்குள். சிறகின் நுனிக்கும் வளையச் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. கரையோரத்தில் மணலையும் கூழாங்கல்லையும் உறிஞ்சிவிட்டால் அந்தச் சுவரில் கீறல் விழும், இடைவெளி அகலும், தண்ணீர் பின்வாங்கும். அப்போது எஞ்சின் அலறும், வண்டி மட்டும் நகர மறுக்கும். பழைய வண்டி வாங்குகிறவர் மீட்டரைப் பார்ப்பதோடு நிற்காமல், எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, பின்னால் குனிந்து டார்ச் அடித்து இந்த வளையத்தையும் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகும், அடியில் 90 செ.மீ. ஆழமாவது இல்லாத இடத்தில் எஞ்சினை முடுக்கக் கூடாது.

இந்தப் பம்ப் பிறந்ததே ஆழமில்லாத ஆறுகளுக்காகத்தான். 1950களில் நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன், புரொப்பல்லர் பாறையில் அடிபடாமல் போகும் படகு வேண்டும் என்று நீர்ப்பீச்சு முறையைக் கையிலெடுத்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்சன் அதை ஒற்றை ஆள் வண்டியாகக் கற்பனை செய்தார். கியூபெக்கின் பொம்பார்டியர் நிறுவனம் 1968இல் ஸீ-டூ என்ற பெயரில் விற்ற முதல் வண்டி எடுபடவில்லை. 1973 வாக்கில் கவாஸாகியின் ஜெட் ஸ்கீ வந்தது, அந்தப் பெயரே இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1988இல் ஸீ-டூ மறுபடி வந்து நிலைத்தது.

இப்போது குதிரைத்திறனுக்கு வருவோம். தண்ணீரில் வேகம் கூடக் கூட எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியாக. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் இல்லாத ஸீ-டூ ஜிடிஎக்ஸ் 170இல் 1,630 சிசி எஞ்சின் 170 குதிரைத்திறன் தருகிறது. சூப்பர்சார்ஜர் பூட்டிய 325 வகை அதைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் மும்மடிக் கணக்கின்படி, திறன் இருமடங்கானாலும் உச்ச வேகம் கால் பங்குதான் கூடும். அதிலும், மணிக்கு சுமார் 105 கி.மீ. என்ற எல்லையை ஒட்டியே வண்டிகளைச் செய்வது என்று தயாரிப்பாளர்களுக்கும் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கும் இடையே நெடுநாள் உடன்பாடு ஒன்று இருந்துவருகிறது. அப்படியானால் கூடுதல் குதிரைகள் எங்கே போகின்றன? புறப்பாட்டுக்குத்தான். பம்பின் தள்ளுவிசை, பீறிடும் நீரின் வேகத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வண்டி நிற்கும்போது வித்தியாசம் மிக அதிகம், ஆகவே இழுப்பும் அப்போதுதான் மிக அதிகம்.

ஸீ-டூவின் ஆர்எக்ஸ்பி-எக்ஸ் 325 நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 3.4 விநாடியில் எட்டும் என்கிறது நிறுவனம். கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 30 கிலோ எடையுள்ள பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தால், 24 கிலோ பாரம் அவளைப் பின்னோக்கி இழுப்பதற்குச் சமம். இது ஒற்றை ஆள் பந்தயப் பாணி வண்டியின் கணக்கு. மூன்று பேரோடு போகும்போது குறையும் என்பது உண்மை. பாதியாகக் குறைந்தாலும் 12 கிலோ. அதை அந்தச் சின்னக் கைகள் எதிர்பாராத நொடியில் தாங்க வேண்டும்.

தாங்காமல் விழுந்தால் விழும் இடம்தான் மிகவும் கவலைக்குரியது. கடைசி இருக்கையிலிருந்து பின்னால் சரிகிறவர் நேரே நீர்ப்பீச்சின் வாயில் விழுகிறார். அந்த அழுத்தத்தில் பாயும் நீர் உடலின் கீழ்த்துவாரங்கள் வழியாகப் புகுந்து குடலையும் உள்ளுறுப்புகளையும் கிழித்துவிடக்கூடும். இந்தக் காயங்களை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்திருக்கின்றன. சாதாரண நீச்சல் உடை இதைத் தடுக்காது. தடித்த நியோப்ரீன் வெட்சூட் கால்சட்டை தடுக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளிலேயே இது இருக்கிறது, லைஃப் ஜாக்கெட்டைக் கவனிக்கிற பலர் இதைப் படிப்பதில்லை. பின்னால் இருப்பவரின் பாதம் கால்தட்டில் முழுதாகப் பதிய வேண்டும். பதியாத உயரமுள்ள பிள்ளையை, எவ்வளவு கெஞ்சினாலும், ஏற்றக் கூடாது.

இனி ஆரம்பத்தில் சொன்ன திருப்பத்துக்கு. எதிரே இன்னொரு படகு வருகிறது. கார் ஓட்டிப் பழகிய எவரும் முதலில் ஆக்சிலரேட்டரை விடுவார், பிறகு திருப்புவார். ஜெட் ஸ்கீயில் ஆக்சிலரேட்டரை விட்ட கணமே பீச்சு அடங்கிவிடுகிறது. ஹேண்டில் திரும்பும், முனையும் திரும்பும், ஆனால் அதன் வழியே வெளிவர வலுவான நீர் இல்லை. வண்டி நேராக அந்தப் படகை நோக்கியே போகும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. அதன் பின்னர், ஆக்சிலரேட்டரை விட்டு ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் எஞ்சினைத் தானாகச் சற்று முடுக்கும் ஏற்பாடுகள் வந்தன. சில மாடல்களில் பக்கவாட்டுத் துடுப்புகள் தண்ணீருக்குள் இறங்கின.

பெரிய மாற்றம் 2009இல் ஸீ-டூ கொண்டுவந்த பிரேக். இடது கைப்பிடியை அழுத்தினால் பீச்சுமுனையின் மேல் வாளிபோன்ற ஒரு மூடி கவிழ்கிறது. கணினி எஞ்சினை முடுக்குகிறது. பின்னால் பாய வேண்டிய நீர் முன்னோக்கித் திருப்பப்படுகிறது. பிரேக் இல்லாத வண்டியைவிட 48 மீட்டர் வரை முன்னதாக நிற்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. யமஹாவும் 2015இல் தன் பாணியில் ஒன்றைக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், குடும்பத்துக்கு வாங்கும் வண்டியில் விட்டுக்கொடுக்கவே கூடாத அம்சம் இதுதான். ஆனாலும் இதுவும் பம்பின் தயவில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் அணைந்துவிட்டால் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகவே புதிதாக ஓட்டுகிற ஒவ்வொருவரும், ஆளில்லாத வெளியில், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடியே விலகித் திரும்புவதைக் கை தானாகச் செய்யும்வரை பழக வேண்டும்.

அப்படியானால் எந்த வண்டி? மூன்று பேர் ஏறிப் போகவும், ஆள் உட்காரும் காற்றடைத்த ட்யூபைப் பின்னால் கட்டி இழுக்கவும் 170, 180 குதிரைத்திறன் தாராளம். மிச்சமாகும் பணத்தை நீளமான, அகலமான உடலுக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். நீண்ட உடல் அலையில் குதிப்பது குறைவு, நிற்கும் வண்டியில் ஏறும்போது அது சாய்வதும் குறைவு. பெரிய எஞ்சின் பெட்ரோலையும் விழுங்கும். ஏறத்தாழ 80 லிட்டர் டாங்க் கொண்ட கவாஸாகி அல்ட்ரா 310ஐ முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம். வேகம்தான் உங்கள் மகிழ்ச்சி என்றால் 325ஐ வாங்குவதில் தவறில்லை. ஆனால் மற்றவர்கள் ஓட்டும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பயிலுநர் சாவியையோ அதற்கான முறையையோ கட்டாயம் பயன்படுத்துங்கள்.

கனடாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஜெட் ஸ்கீ ஓட்டவே முடியாது, பெரியவர் கூட இருந்தாலும் சரி. ஓட்டுகிறவருக்குப் படகு இயக்குநர் அட்டை வேண்டும். ஒருவரை இழுத்துச் செல்வதென்றால் பின்னால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்க வேண்டும், இழுக்கப்படுகிறவருக்கும் வண்டியில் காலி இருக்கை வேண்டும். அதனால்தான் இரண்டு பேர் வண்டி ட்யூப் விளையாட்டுக்கு உதவாது.

வண்டி கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்துவது என்று பின்புறத்தில் அம்புக்குறி ஒட்டியிருக்கும். தப்பான பக்கம் புரட்டினால் புகைக்குழாயில் தேங்கிய நீர் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். யமஹா, கவாஸாகி வண்டிகளின் எஞ்சின் பாதைக்குள் குழாய்நீரைச் செலுத்திக் கழுவும்போதும் இதே ஆபத்து. முதலில் எஞ்சினை ஓட விட்டு, பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை நிறுத்தி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். விற்பவர் சாவியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே, இந்த இரண்டையும் வீட்டில் வண்டியைத் தொடப்போகிற எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.