குவாட்டர்பேக்: நிற்கும் இடமும் செய்யும் வேலையும்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர் முதல் பத்தியிலேயே இடறி நிற்கும் சொல் 'குவாட்டர்பேக்'. பந்தை வைத்திருக்கும் அணியை நடத்தி, பந்தை முன்னோக்கி எறிபவரின் பெயர் அது. 'குவாட்டர்' என்றால் கால், 'பேக்' என்றால் பின் என்று பிரித்துக்கொண்டு 'கால்பின்னர்' என்று எழுதிவிட்டால், அது படிப்பவருக்கு எதையும் உணர்த்தாது. தமிழில் கால் என்பது நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும், உடலுறுப்பையும் குறிக்கும். கால்பந்தைப் பற்றிய பேச்சில் அது உறுப்பாகவே காதில் விழும். ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாக ஆடப்படுவதால், அந்தக் காலுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்புண்டு என்று எண்ணுபவரும் உண்டு. அப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

பெயரின் வேர் 19ஆம் நூற்றாண்டு ரக்பி ஆட்டத்தில் இருக்கிறது. முன்வரிசையினர் ஒன்றாகக் குவிந்து முட்டுவார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்களோ அதற்கேற்பப் பெயர் பெற்றார்கள். கடைக்கோடியில் நிற்பவர் ஃபுல்பேக், பாதித் தொலைவில் நிற்பவர் ஹாஃப்பேக், முன்வரிசையின் முதுகை ஒட்டி நிற்பவர் குவாட்டர்பேக். ஆக, இது தொலைவைக் கொண்டு வைத்த பெயர். வேலையைக் கொண்டு வைத்த பெயர் அன்று.

ரக்பியிலிருந்து அமெரிக்க ஆட்டம் பிரிந்தபோது இந்தப் பெயர் புதிய பொருள் பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880இல் கொண்டுவந்த விதி மாற்றத்தால், இரு தரப்பும் ஒரே நேரத்தில் பந்துக்கு முட்டி மோதும் முறை போய், ஓர் அணியே பந்தை வைத்துக்கொண்டு தொடங்கும் முறை வந்தது. முன்வரிசையில் ஒருவர் பந்தைக் காலால் பின்னே தள்ள, அதை முதலில் கையில் வாங்குபவரையே விதி குவாட்டர்பேக் என்று குறித்தது. வாங்கியவர் அதை இன்னொருவரிடம் கொடுப்பார். முன்னோக்கி எறிவதற்கு அப்போது அனுமதியே கிடையாது. அந்த அனுமதி 1906இல்தான் வந்தது. அதாவது, இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வரும் வேலை, சொல் விதியில் ஏறி 26 ஆண்டுகள் ஆன பிறகே பிறந்தது. வேலை அடியோடு மாறியும் ஆங்கிலம் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. புதிதாகப் பெயர் சூட்டப்போகும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அப்படியானால் நாம் எந்த வேலைக்குப் பெயர் வைக்க வேண்டும்? இதற்கு விடை தேட, கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவாரா என்று ஆராய்பவர்கள் அவரிடம் எதைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி என்பது என் கருத்து. கோடிக்கணக்கான டாலரைப் பந்தயமாக வைத்து அவர்கள் தேடுவது எதுவோ அதுதான் அந்த வேலையின் சாரமாக இருக்க முடியும்.

அளக்கக்கூடியவற்றை எல்லாரும் அளந்துவிடுகிறார்கள். என்.எஃப்.எல். என்று அழைக்கப்படும் தொழில்முறைக் கூட்டமைப்பின் அணிகளுக்காக, இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் ஆண்டுதோறும் 'கம்பைன்' என்ற தகுதிச் சோதனை நடக்கிறது. உயரம், எடை, 40 கெஜ ஓட்டம் ஆகியவற்றோடு குவாட்டர்பேக்குகளின் கையகலமும் அங்கே அளக்கப்படும். விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பார்ப்பார்கள். மழையிலும் குளிரிலும் பந்து நழுவாமல் இருக்கக் கை பெரிதாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2019 பருவத்தில் 60 டச்டவுன் (எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிதல்களைக் குவித்த ஜோ பரோவின் கை 9 அங்குலம்தான் என்று தெரிந்ததும் அது சிறிதென்று பெரும் பேச்சு எழுந்தது. ஆயினும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 2020இல் சின்சினாட்டி அணி அவரையே முதலாமவராக எடுத்தது. என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்ற குவாட்டர்பேக் டாம் பிரேடி, 40 கெஜத்தை ஓட 5 நொடிக்கு மேல் எடுத்தவர். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 199ஆம் இடம் வரை காத்திருந்தவர்.

நாடாவுக்கும் கடிகாரத்துக்கும் பிடிபடாதது, ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் புலப்படும். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டத்தில், இது மூன்றாம் முயற்சி, இன்னும் எட்டு கெஜம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் கடைசி வரிசைக் காவலர் இருவரும் ஒரே ஆழத்தில் நிற்கிறார்கள். பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வரும் நொடியில் ஒருவர் முன்னே இறங்கி நடுவை அடைக்க, மற்றவர் பின்னே நகர்ந்து ஆழத்தைக் காக்கிறார். முதலில் எண்ணிய எறிதலுக்கு இப்போது வழியில்லை. பந்தைப் பிடிக்க வலப்புறம் ஓடும் ரிசீவர் 12 கெஜம் போய்த் திரும்பப்போகிறார். அவர் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பந்து கையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். திரும்பியதைக் கண்ட பிறகு எறிந்தால், கல்லூரியில் அது போய்ச் சேர்ந்துவிடலாம். தொழில்முறை ஆட்டத்தில் காவலர் குறுக்கே பாய்ந்துவிடுவார். இவ்வளவும் சுமார் மூன்று நொடிக்குள் முடிந்துவிடுகிறது. ஆராய்பவர் இந்த மூன்று நொடியைப் பின்னோட்டிப் பார்க்கும்போது அவர் கண் பந்தின் மேல் இருப்பதில்லை. குவாட்டர்பேக்கின் தலைக்கவசம் முதலில் எந்தப் பக்கம் இருந்தது, பிறகு எந்தப் பக்கம் திரும்பியது, அதோடு பாதங்களும் சேர்ந்து திரும்பினவா என்பதையே பார்க்கிறார். அதனால் தரையில் விழுந்த எறிதல் ஒன்று நல்ல மதிப்பெண் பெறுவதும், டச்டவுனாக முடிந்த எறிதல் குறையாகக் குறிக்கப்படுவதும் உண்டு.

கல்லூரி ஆட்டம் இந்தத் திறன் இல்லாததை மறைத்துவிடவும் கூடும். ஆட்டத்தைத் தொடங்கப் பந்து வைக்கப்படும் உள்வரிகள் இரண்டுக்கும் இடையே கல்லூரித் திடலில் 40 அடி, என்.எஃப்.எல். திடலில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓர் ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பரந்த வெளி கிடைக்கும். அந்த வெளியைத் தந்தது திடல்தான் என்றாலும், அதில் எளிதாகச் சேர்ந்த எறிதல்கள் குவாட்டர்பேக்கின் கணக்கில் ஏறிவிடும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு பேச்சில் இருக்கிறது. என்.எஃப்.எல்.இல் 1994 முதல் பயிற்சியாளரின் குரல் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியாகக் கேட்கும்; அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கெடுவைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சியிருக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். கேட்ட நீண்ட கட்டளையை அவர் மற்றப் பத்துப் பேருக்கும் பிழையின்றிச் சொல்ல வேண்டும்; எதிரணி நிற்கும் நிலை ஒத்துவரவில்லை என்றால் பந்து வைக்கப்பட்ட கோட்டருகே நின்று அதை மாற்றிக் கத்த வேண்டும். கல்லூரிகளின் மேல்நிலைப் பிரிவுக்கு இந்த வானொலி 2024இல்தான் வந்தது. அதற்கு முன் பல அணிகளில் பக்கக் கோட்டிலிருந்து காட்டும் சைகையையும் படப்பலகையையும் பார்த்து எல்லாரும் தாமே நகர்ந்துவிடுவார்கள். நூறு டச்டவுன் எறிந்த இளைஞர் ஒருவர், ஒரு முழுக் கட்டளையைத் தன் வாயால் சொல்லியே பழகாதவராக இருக்க முடியும்.

கைவலிமையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998ஆம் ஆண்டு டிராஃப்டே போதும். கல்லூரிக் குவாட்டர்பேக்குகள் இருவரில் சிறந்தவர் பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்ற விவாதம் அன்று உண்மையாகவே நடந்தது; லீஃபின் எறிவேகம் பெரிதாகப் பேசப்பட்டது. இண்டியானாபொலிஸ் அணி மேனிங்கை முதலில் எடுத்தது. சான் டியேகோ அணி லீஃபை இரண்டாவதாக எடுத்தது. லீஃபின் தொழில்முறைக் கணக்கு 14 டச்டவுன், எதிரணி பறித்த எறிதல்கள் 36 என்பதோடு முடிந்தது. மேனிங், கோட்டருகே நின்று கைகாட்டிக் கட்டளைகளை மாற்றிக்கொண்டே இருந்தவர், சிறந்த ஆட்டக்காரர் விருதை ஐந்து முறை பெற்றார்.

எனவே தமிழ்ச் சொல்லில் எறிதல், கட்டளையிடல் இரண்டும் இருக்க வேண்டும். 'பந்தெறிநர்' என்றால் பாதிதான் வருகிறது. கிரிக்கெட் பந்துவீச்சாளரோடு குழப்பமும் வரும். 'ஆட்டத்தலைவர்' அணித்தலைவராகத் தெரிவார். 'ஆட்டநடத்துநர்' பொருளால் பொருந்தினாலும், தமிழ்நாட்டில் நடத்துநர் என்றதும் பேருந்தும் பயணச்சீட்டும்தான் நினைவுக்கு வரும். இயக்குநர் என்றால் திரைப்படம்.

நான் பரிந்துரைப்பது 'ஏவுநர்'. ஏவுதல் என்ற ஒரே வினை, அம்பை எய்வதையும் ஆளைப் பணிப்பதையும் குறிக்கிறது. அம்புக்கு 'ஏ' என்ற பழம்பெயரே உண்டு; ஏவுகணை என்ற சொல்லில் முதற்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'ஏவா மக்கள்' என்று பள்ளியில் படித்ததிலும், இலக்கண வகுப்பின் ஏவல் வினையிலும் இரண்டாம் பொருள் இருக்கிறது. பந்தை எறிவதையும் பத்துப் பேரைப் பணிப்பதையும் ஒட்டுப்போடாமல் ஒரே வேரில் வைத்திருக்கும் சொல் ஆங்கிலத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 'ஏவலர்' என்று எழுதிவிடக் கூடாது. அது ஏவப்படும் பணியாளரைக் குறிக்கும், பொருள் தலைகீழாகிவிடும். பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் 'ஏவல்' சிலர் காதில் ஒலிக்கலாம். 'நர்' விகுதியும் ஆட்டத்தின் சூழலும் அதை விலக்கிவிடும்.

கட்டுரையில் முதல் முறை 'ஏவுநர், அதாவது குவாட்டர்பேக்' என்று எழுதிவிட்டு, பிறகு ஏவுநர் என்றே தொடரலாம். 'கல்லூரி ஏவுநர்', 'மாற்று ஏவுநர்', 'ஏவுநர் பயிற்சியாளர்' என்று தொகைகள் இயல்பாகவே அமைகின்றன. 'அந்த அணி இந்த ஆண்டு முதல் தெரிவிலேயே ஓர் ஏவுநரை எடுத்தது' என்று எழுதினால், ஆட்டத்தை ஒருமுறையும் பார்த்திராத வாசகருக்கும் எடுக்கப்பட்டவர் என்ன செய்பவர் என்பது ஓரளவு பிடிபடும்.