மலைச்சரிவில் திறந்தவெளி அரங்கு

இலங்கையின் மலையகத்தில் திறந்தவெளி அரங்கு அமைக்கும் வேலையில் பாதி, சரியான சரிவைத் தேடிப் பிடிப்பதுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர அரங்கில் பார்வையாளர்கள் உட்காருவதும் சரிவில்தான்.

இருக்கைப் படிக்கு 40 சென்ரிமீற்றர் உயரமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் வைத்தால் சரிவு ஏறத்தாழ 24 பாகை வரும். நிலமும் அதே அளவு சரிந்திருந்தால், படியின் உட்பக்கம் வெட்டிய மண் வெளிப்பக்கத்தை நிரப்பவே சரியாகப் போய்விடும். ஒரு மீற்றர் நீளத்துக்கு 45 லீற்றர் மண்ணைப் புரட்டினால் போதும். 12 பாகைச் சரிவில் இதே படிகளை எழுப்பப் போனால் மேல்வரிசைகளுக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்தப் புதுமண் மழைக்கு இறங்கும், கல் பிளக்கும்.

மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, மேலே பிறைபோல வெடிப்பு ஓடுகிறதா, புது ஊற்று கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இவை மண்சரிவின் அறிகுறிகள்; ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கக்கூடாது. மண்வெட்டி வைக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெற்றுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். மேல்வரிசைக்கும் மேலே, தேயிலை மலையில் வெட்டுவதுபோல, குறுக்காக ஒரு கான், அதாவது வடிகால், வெட்ட வேண்டும். அதன் வாட்டம் (சரிவு) 120 அடிக்கு 1 அடி. கூடினால் கான் அரிக்கும். குறைந்தால் வண்டல் அடைத்து, உடைத்துக்கொண்டு படிகள் மேலேயே பாயும். படிக்கல்லை சிமெந்து பூசி அடைக்காதீர்கள். பின்னால் தேங்கும் நீர் தள்ளி, கட்டு வயிறு புடைத்துச் சரியும். கல்லுக்குப் பின்னே 15 சென்ரிமீற்றர் சல்லி போட்டால் நீர் வடிந்துவிடும்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கி இல்லாத கூத்துக்குக் கடைசி வரிசை 20 மீற்றருக்குள் இருப்பது நல்லது. பக்கத்தில் ஓடை இரைந்தால் வசனத்தின் மெல்லிய எழுத்துகள் காதுக்கு எட்டாது.

பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று சரிவோடு கீழே இறங்கும். அடியில் நீள மதில் நின்றால் குளிரும் பனிமூட்டமும் மேடையிலேயே தேங்கும். ஒலியைத் திருப்பப் பின்சுவர் வேண்டுமென்றால் மேடை அகலத்துக்கு மட்டும் கட்டி, இரு பக்கமும் திறந்து விடுங்கள்.

மாசியில் விடிய விடிய நடக்கும் காமன் கூத்தில், அதாவது மன்மதன் கதையை ஆடும் கூத்தில், ஈரம் பட்டுத் தப்பு என்னும் பறையின் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சியபடியேதான் அடிப்பார்கள். அந்த நெருப்புக்கு மேடைக்குக் கீழ்ப்புறம், 2 மீற்றர் சதுரத்தில் கல் பாவிக் கொடுங்கள். மேற்புறம் மூட்டினால் இறங்கு காற்றோடு புகை ஆடுகிறவர் முகத்துக்கே வரும்.