பேச்சு எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கும்?

தொடர்ந்து தோற்றுவரும் கால்பந்து அணியில் தலைமைப் பயிற்சியாளரை மாற்றியவுடன் நிர்வாகிகளும் ரசிகர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "புதியவர் பேசினால் ஆட்டக்காரர்கள் துள்ளி எழுகிறார்களாம். இனி அணி தேறிவிடும் அல்லவா?" நான் விளையாட்டு உளவியலாளர், ஊக்கம்தான் என் பிழைப்பு. அதனால் உடனே தலையாட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. சில வாரங்களுக்குத் தேறும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பது அவர் உடை மாற்றும் அறையில் பேசுவதில் இல்லை, வார நடுவில் பயிற்சி மைதானத்தில் எதைத் திருத்துகிறார் என்பதில் இருக்கிறது.

அந்தச் சில வாரங்கள் எங்கிருந்து வருகின்றன? புதியவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அணிக்குள் ஒன்று நடந்துவிடுகிறது. பழையவரின் கணக்கில் இடமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம்பிக்கை துளிர்க்கிறது. நிலையாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இடம் பறிபோகுமோ என்ற பயம் வருகிறது. இரு தரப்பும் அந்த வாரமே கூடுதல் வேகத்தில் ஓடுகின்றன. பேச்சின் மகிமை என்று எல்லோரும் வியக்கிறார்கள். அவர் பேசாமலே இருந்திருந்தாலும் இதில் பெரும்பகுதி நடந்திருக்கும்.

இன்னொரு காரணம் வெறும் கணக்கு. பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் வழக்கத்தைவிட மிக மோசமாக ஆடும்போது, கம்பத்தில் பட்ட பந்தெல்லாம் வெளியே போகும்போது. அந்தப் பள்ளத்திலிருந்து எந்த அணியும் தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பத்தான் செய்யும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வெயில் 1986 முதல் 2004 வரையிலான தம் நாட்டு லீக்கை ஆராய்ந்தார். நடுப் பருவத்தில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளை, அதே போலச் சறுக்கியும் மாற்றாமல் இருந்த அணிகளோடு ஒப்பிட்டார். மாற்றியதால் தனியாக ஒரு பலனும் தெரியவில்லை. நட்டஈடு கொடுத்து ஒருவரை அனுப்பி வைத்த நிர்வாகியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிச் சுருங்குகிறது என்று.

ஆரம்ப சூரத்தனத்தை அசல் முன்னேற்றம் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் போதும். 2018 டிசம்பரில் ஜோசே மொரின்யோவை நீக்கிவிட்டு, முன்னாள் வீரர் ஓலே குன்னார் சோல்ஷேரைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள். சிரித்த முகம், பழைய வெற்றிகளின் நினைவு, வீரர்களைத் தட்டிக்கொடுக்கும் சுபாவம். முதல் ஆட்டத்தில் கார்டிஃப் சிட்டியை 5-1 என வென்றது அணி. அதையும் சேர்த்துத் தொடர்ந்து எட்டு வெற்றிகள். மார்ச்சில் பாரிஸ் போய் பாரிஸ் செயின்ட் ஜெர்மனை 3-1 என வீழ்த்தியதும் ரசிகர்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். 2019 மார்ச் 28 அன்று பதவி நிரந்தரமானது. அடுத்த மாதமே எவர்டனிடம் 0-4. சீசனின் கடைசி ஆட்டத்தில், ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கம் உறுதியாகியிருந்த அதே கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2. சோல்ஷேரை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு சீசன்களில் அவர் அணி மூன்றாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தது. முதல் மூன்று மாதங்களை வைத்து முடிவெடுத்த அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

தோற்கும் அணிக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த அணிகளில் அப்படி இருந்தவை அரிது. ஆர்வம் பொங்கி வழிந்து பதற்றமாகியிருக்கும். பதறிய காரியம் சிதறும் என்று நம்மவர்கள் சொன்னதையே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1908இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள்: கடினமான வேலையில் தூண்டுதல் ஓரளவுக்கு மேல் போனால் செயல்திறன் குறையும். ஏற்கெனவே கை நடுங்கும் கோல்கீப்பரிடம் போய் "இது வாழ்வா சாவா ஆட்டம்" என்று முழங்குவதால் யாருக்கு லாபம்?

புதிதாக ஓர் அணிக்குப் போனால், மைதானத்தின் படம் மட்டும் அச்சிட்ட வெற்றுத் தாளை ஒவ்வொரு வீரரிடமும் தனித்தனியாகக் கொடுப்பேன். "எதிரணியின் பாதியில் நம் வலப்பக்க வீரர் பந்தை இழக்கிறார். அடுத்த ஐந்து நொடிகளில் நீங்கள் எங்கே போவீர்கள்? ஓர் அம்புக்குறி போடுங்கள்." ஓர் அணியில் இதைச் செய்தது, புதிய பயிற்சியாளரின் முதல் உரைக்கு மறுநாள். உண்மையிலேயே நல்ல உரை. அறையில் பலருக்குக் கண் கலங்கியது. உயிரைக் கொடுத்து ஆடச் சொன்னார். மறுநாள் தாள்களைப் பரப்பிப் பார்த்தால், மையத் தற்காப்பு வீரர்கள் இருவரில் ஒருவரின் அம்பு நடுக்கோட்டை நோக்கி முன்னே போகிறது, மற்றவரின் அம்பு சொந்தப் பெனால்டி பகுதியை நோக்கிப் பின்னே போகிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் அணி கோல் வாங்கிக்கொண்டிருந்தது. இருவரும் உயிரைக் கொடுக்கத் தயார், ஆளுக்கு ஒரு திசையில்.

அவருக்குப் பின் வந்தவர் குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. பயிற்சி ஆட்டத்தை விசில் ஊதி நிறுத்துவார். தற்காப்பு வீரரின் தோளைப் பிடித்து மூன்றடி தள்ளி நிறுத்துவார். "இங்கே ஏன்?" என்று அவரையே காரணம் சொல்ல வைப்பார். மறுபடி விசில். பார்ப்பவர்களுக்குச் சலிப்பு தட்டும் வேலைதான். ஆனால் சில வாரங்களில் தாள்களில் அம்புகள் ஒத்துப்போகத் தொடங்கின. இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வருகிறது என்றார் அந்த இருவரில் ஒருவர். தன் வேலை என்ன என்று தெரிவதைப் போல மனதை ஆற்றுவது வேறில்லை.

உற்சாகம் மட்டுமே கரைசேர்த்த அணி இல்லவே இல்லையா என்றால், குறுகிய போட்டித் தொடரில் அதற்கு அதிக இடமுண்டு. 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையைச் சொந்த நாட்டில் ஆடிய ஐவரி கோஸ்ட், எக்குவடோரியல் கினியாவிடம் 0-4 என நொறுங்கியது. பயிற்சியாளர் பதவி இழந்தார். உதவியாளர் எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றார். முதல் சுற்றுப் பிரிவுகளில் மூன்றாமிடம் பிடித்த அணிகளில் கடைசியாக ஒட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போன அந்த அணி, பிப்ரவரி 11 அன்று நைஜீரியாவை 2-1 என வென்று கோப்பையைத் தூக்கியது. நான்கே ஆட்டங்கள், அவ்வளவு தூரத்துக்கு நெருப்பு தாங்கும். அப்போதும் காயத்திலிருந்து மீண்டுவந்த செபாஸ்தியன் ஆலேர்தான் அரையிறுதியிலும் இறுதியிலும் வெற்றி கோலைப் போட்டார் என்பதை மறக்கக் கூடாது.

மாதக்கணக்கில் நீளும் லீக் வேறு. 2022 அக்டோபரில் ஸாபி அலோன்சோ வந்தபோது பேயர் லெவர்குசன் ஜெர்மன் லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. அந்த சீசனை ஆறாவதாக முடித்தது. அடுத்த கோடையில் கிரானிட் ஷாக்கா, கிரிமால்டோ போன்ற வீரர்களைக் கிளப் ஒப்பந்தம் செய்து தந்தது. 2023-24 சீசனில் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பட்டம் வென்றது. பயிற்சியாளரின் கையும் கிளப்பின் பணப்பையும் சேர்ந்து செய்த வேலை அது.

ஊக்கமூட்டும் பேச்சுக்குப் பெயர்போன இங்கிலாந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃபின் கதை இன்னும் தெளிவு. 1974இல் லீக் சாம்பியனாக இருந்த லீட்ஸ் யுனைடெட்டில் அவர் தாக்குப்பிடித்தது 44 நாட்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். அங்கும் உடனே எதுவும் நடக்கவில்லை. 1976இல் பழைய கூட்டாளி பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்தார். வீரர்களை மோப்பம் பிடித்துக் கண்டெடுப்பதில் கெட்டிக்காரர். 1978இல் லீக் பட்டம், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை. அதே வாய், அதே நாக்குதான். லீட்ஸில் அவரை வெறுத்த வீரர்கள் இருந்தார்கள்; ஃபாரஸ்ட்டில் அவரே தேர்ந்தெடுத்த வீரர்கள் இருந்தார்கள்.

அணி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. "சோம்பேறித்தனத்தைப் போக்குகிறேன்" என்று வந்த முதல் வாரத்திலேயே பயிற்சியை இரட்டிப்பாக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். புதியவரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் வீரர் வலியை மறைப்பார்; பின்தொடைத் தசை கிழிந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். சுமையை எவ்வளவு ஏற்றலாம் என்பதில் பிசியோவின் (உடலியக்க மருத்துவரின்) சொல்லுக்கு அந்த மாதத்தில் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் ஒருவரை அவமானப்படுத்தி மற்றவர்களை விழிக்கவைக்கும் உத்தியும் ஊக்கமல்ல. மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வது பந்தைக் கேட்காமல் ஒளிந்துகொள்ளத்தான்.

நேர்காணலில் கொள்கை பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். அதை எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் காணொளியைப் போட்டுக் காட்டி, இந்த வாரப் பயிற்சியில் முதலில் எதைத் திருத்துவீர்கள் என்று கேளுங்கள். பதவியை நிரந்தரமாக்கும் முன் பெஞ்சில் இருப்பவர்களையும் விசாரியுங்கள். ஆடும் பதினொரு பேர் எந்தப் பயிற்சியாளரையும் புகழ்வார்கள். தனக்கு ஏன் இடமில்லை, எதைச் சரிசெய்தால் கிடைக்கும் என்று புதியவர் சொன்னாரா என ஆடாதவரிடம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்தும் "இன்னும் பேசவில்லை" என்று அவர்கள் சொன்னால், நிரந்தர ஒப்பந்தத்தைச் சீசன் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.