"ஏன் கத்தவில்லை?" என்று கேட்கும் மூளை

"ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?" பாலியல் வன்முறைச் செய்தி எது வந்தாலும் இந்தப் பழமொழி எங்கிருந்தாவது வந்து விழுகிறது. அப்புறம், "அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை?", "ஏன் கத்தவில்லை?" இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. நல்ல மனிதர்களையும் இப்படிப் பேச வைப்பது எது?

மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1966இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவிகள் திரையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். விடை தவறும்போதெல்லாம் அவருக்கு மின்அதிர்ச்சி, துடிக்கிறார். நடிப்புதான், ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நிறுத்தும் வாய்ப்பைக் கொடுத்தபோது பெரும்பாலோர் நிறுத்தச் சொன்னார்கள். வேதனை தொடரும், தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்களோ அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டார்கள். நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. அவள் ஏதோ தப்பு செய்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டால், என் மகளுக்கு அது நடக்காதல்லவா?

இன்னொன்றும் உண்டு: முடிவு தெரிந்தபின், அதை முன்பே ஊகித்திருக்கலாமே என்று தோன்றும். உளவியலாளர் லிண்டா கார்லி 1999இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றிய ஒரே கதை, முடிவு மட்டும் வேறு. சிலருக்கு அவன் அவளிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். மற்றவர்களுக்கு, வன்புணர்கிறான். எந்த முடிவைப் படித்தவர்களுக்கும் அதுவே முன்பே ஊகித்திருக்கக்கூடிய முடிவாகப் பட்டது. அதற்கு ஏற்ற மாதிரி, கதையில் இல்லாததையும் படித்ததாக நினைவு சொன்னார்கள்.

சரி, "ஏன் கத்தவில்லை?"

கோழியைப் பிடித்துச் சாய்த்துச் சற்று அழுத்தியிருந்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். கண் திறந்திருக்கும், ஆனால் எழுந்து ஓடாது, அப்படியே கிடக்கும். தப்ப வழியில்லாத உச்ச பயத்தில் மனித உடலும் இப்படி உறைந்துபோகும். கை கால் அசையாது, குரல் எழும்பாது. இது யாரும் யோசித்து எடுக்கும் முடிவல்ல. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொன்னார்கள்.

இதை அறியாத தீர்ப்பு என்ன செய்யும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1972இல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணரப்பட்டதாகப் புகார் சொன்னாள். உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் கொஞ்சம் திருந்தியது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கருதக் கூடாது என்ற வரி சட்டத்தில் ஏறியது 2013இல்தான். அதற்குள் அந்த இரவு கழிந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.