சினிஸ்டர்: இடக்கைப் பக்கத்துச் சொல்

மூக்குக் கண்ணாடிக்காகக் கண் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் சில சமயம் ஓ.டி., ஓ.எஸ். என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது, 'ஓகுலுஸ் சினிஸ்டெர்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். பயப்பட வேண்டாம், இடது கண், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சினிஸ்டர் என்றால் உள்ளே ஏதோ கேடு பதுங்கியிருக்கிறது என்று பொருள். லத்தீனிலோ அது வெறும் 'இடது'. இடது எப்படிக் கெட்டுப்போனது? ரோமாபுரியில் நிமித்தம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி நிற்பார்கள். சூரியன் உதிக்கும் கிழக்கு அவர்களுக்கு இடப்பக்கம். ஆகவே இடப்பக்கச் சகுனம் நல்ல சகுனம்! கிரேக்கர்கள் வடக்கு நோக்கியதால் அவர்களுக்கு வலம்தான் நல்லது, இடம் ஆகாது. இந்த முரணைப் பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவே குறிப்பிட்டிருக்கிறார். கிரேக்கப் பழக்கம் ரோமில் ஊற ஊற, கெட்ட பொருளே நிலைத்துவிட்டது. கிரேக்கர்களோ இடது என்று சொல்லவே கூசி, 'மிகச் சிறந்த' என்ற சொல்லின் அடியாக 'அரிஸ்டெரோஸ்' என்றார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோமே, அது மாதிரி.

இத்தாலியில் 'சினிஸ்த்ரா' இன்றும் இடது கைதான், இடதுசாரியும்தான். ஆனால் அங்கே காப்பீட்டுக்காரர் 'சினிஸ்த்ரோ' என்றால் விபத்து. பிரெஞ்சு, ஸ்பானியக் காப்பீட்டுத் தாள்களிலும் இதன் உறவுச்சொற்கள் தீ, வெள்ளம் போன்ற சேதத்தைக் குறிக்கும். ஸ்பானியர்கள் இடதுக்கு 'இஸ்கியெர்தா' என்கிறார்கள். அது ஸ்பெயினின் வடபகுதியில் வழங்கும் பாஸ்க் மொழிச் சொல்லோடு உறவுடையது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து 'தீய' என்று போட்டால் பாதிதான் வரும். வெளிப்படையாகத் தீயதை யாரும் சினிஸ்டர் என்பதில்லை. வெளியே தெரியாத ஒன்று உள்ளே இருக்க வேண்டும். திட்டத்துக்கும் ஆளுக்கும் 'கெடுநோக்குள்ள' சரியாக இருக்கும். மேகத்துக்கோ மௌனத்துக்கோ 'தீக்குறியான'. பேச்சுவழக்கில் என் ஓட்டு 'வில்லங்கமான' என்பதற்கே. பத்திரத்தில் ஒளிந்திருக்கும் பழைய கடன்போல, சிரிப்புக்குள்ளும் ஒன்று ஒளிந்திருந்தால் அது வில்லங்கமான சிரிப்புதானே?

கேடயத்தில் வரையும் ஐரோப்பியக் குலச் சின்னங்களைப் பற்றிய நூலில் இச்சொல் வந்தால் மட்டும் கவனம். அங்கே அது இடப்பக்கம் மட்டுமே, அதுவும் கேடயம் பிடித்தவருக்கு இடம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு வலம்.