பணம் கட்டும் பக்கத்தில் சில கொக்கிகள்

'பார்சல் கைக்கு வந்ததும் பணம் தருகிறேன்' என்பவர்களிடம் மட்டும் 40 ரூபாய் கூடுதலாக வாங்க வேண்டும். இணையக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் மாற்றம் இது. வூகாமர்ஸில் கட்டிய கடை என்றால் பத்து வரி நிரல் போதும். அதை எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி.

வூகாமர்ஸ், இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் மேல் ஓடும் ஒரு செருகுநிரல், அதாவது பிளக்இன். அதன் நிரல் திறந்தே கிடக்கிறது, நேரே உள்ளே போய்த் திருத்தலாம். ஆனால் அடுத்த அப்டேட் வரும்போது புதுக் கோப்புகள் பழையவற்றின் மேல் ஏறிவிடும். நம் 40 ரூபாயும் அதோடு போச்சு. இதற்காகவே நிரலில் வழிநெடுகக் கொக்கிகள் அடித்து வைத்திருக்கிறார்கள். ஹூக் என்பார்கள். நிரல் ஓடிவந்து ஒரு கொக்கியை எட்டியதும், அதில் யாராவது எதையாவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கும். இருந்தால் அதை ஓட்டிவிட்டு, அப்புறம் தன் வேலையைத் தொடரும். மாட்டும்போது ஒரு வரிசை எண்ணும் தரலாம். பலர் மாட்டியிருந்தால் சிறிய எண்காரருக்கு முதல் இடம். எண் எதுவும் தராதவருக்கு 10.

சில கொக்கிகள் ஒரு மதிப்பைக் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கும். இவை ஃபில்டர்கள். முகவரிப் படிவத்தின் கட்டங்களை மாற்றுவது இப்படித்தான். மாற்றியதைத் திருப்பித் தர மறந்தால் கட்டங்களே காணாமல் போகும்.

நம் 40 ரூபாய்க்கு, மொத்தத் தொகையைக் கூட்டும் இடத்தில் கட்டணங்களுக்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது. மாட்டியாயிற்று. சோதித்தால், 'கேஷ் ஆன் டெலிவரி'யைத் தேர்ந்தெடுத்த பிறகும் தொகை அப்படியே நிற்கிறது. ஆர்டர் பொத்தானை அழுத்தியதும் பில்லில் 40 ரூபாய் முளைக்கிறது! காரணம், பழைய வகைப் படிவத்தில் பணம் கட்டும் முறையை மாற்றினால் பக்கம் சர்வரிடம் மறுபடி கணக்குக் கேட்பதில்லை. ஆர்டர் போடும்போதுதான் கேட்கிறது. தேர்வு மாறினால் தொகையைப் புதுப்பிக்கச் சொல்லி உலாவியில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்.

கணக்கு ஒரே பக்கத்துக்குள் இரண்டு மூன்று முறைகூட ஓடும். ஒவ்வொரு முறையும் கட்டணப் பட்டியல் காலியாகித் தொடங்குவதால் 40 என்பது 80 ஆகாது. ஆனால் பொருளின் விலையையே 10 சதவீதம் ஏற்றி எழுதியவருக்கு 100 ரூபாய் 110 ஆகி, அடுத்த சுற்றில் 121 ஆகிவிடும். பலரைக் கவிழ்த்த குழி இது.

2023 இறுதியிலிருந்து புதிய வூகாமர்ஸ் கடைகளுக்குப் துண்டு துண்டாக அடுக்கிக் கட்டும் பிளாக் வகைப் படிவம்தான் வருகிறது. பழைய படிவத்தில் எதையாவது அச்சிட உதவிய கொக்கிகளை அது கண்டுகொள்வதில்லை. பழைய பாடத்திலிருந்து எடுத்து ஒட்டிய நிரல் பிழையும் காட்டாது, வேலையும் செய்யாது. இதைவிட எரிச்சலான கோளாறு எனக்குத் தெரிந்து இல்லை.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதில் ஆபத்தும் உண்டு. 2018 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் ஸ்கிரிப்ட் ஒன்றில் திருடர்கள் 22 வரி சேர்த்தார்கள். வாடிக்கையாளர் தட்டிய கார்டு எண்கள் சுமார் 15 நாள் வேறொரு சர்வருக்கும் போய்க்கொண்டிருந்தன. நிறுவனத்துக்கு 2020-இல் 2 கோடி பவுண்ட் அபராதம்.

இணையக் கடை நடத்த உதவும் இன்னொரு சேவையான ஷாப்பிஃபை வேறு வழியில் போகிறது. அங்கே தள்ளுபடிக் கணக்கு போன்றவற்றுக்கு நாம் எழுதும் நிரல், வெப்அசெம்பிளி என்ற கச்சிதமான நிரல் வடிவத்துக்கு மாறி ஒரு மூடிய அறைக்குள் ஓடுகிறது. கார்ட் (பொருள் சேர்க்கும் கூடை) விவரத்தை வாங்கி, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுவதுதான் அதன் வேலை. மணி என்ன என்று பார்க்க உள்ளே கடிகாரம்கூடக் கிடையாது. நேரம் சார்ந்த தள்ளுபடி என்றால், நேரத்தையும் கார்ட் விவரத்தோடு சேர்த்து ஷாப்பிஃபையே உள்ளே அனுப்ப வேண்டும்.